கம்பி கட்டிய கதை

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. மறைந்துபோன ஒரு விஞ்ஞானியைப் பற்றியோ பொறியாளரைப் பற்றியோ எழுதிக் கொடுங்கள், ஜூனியர்களும் படிக்கிற மாதிரி இருக்கட்டும் என்றார்கள். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் மூன்றாம் வருடம் முழுக்க ஒரே மனிதரோடுதான் கழிந்தது. அவர் இறந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது என்பது வேறு விஷயம்.

நம்ம ஹாஸ்டல் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கொக்கி இருக்குமே, அது நாங்கள் நாலு பேர் அடித்தது. ஹாம் ரேடியோ லைசென்ஸ் கையில் வந்த புதிது. 7 மெகாஹெர்ட்ஸில் இருபது மீட்டர் ஒயரை இரண்டு கம்பத்துக்கு நடுவே கட்டினோம். முதல் நாளே பேசிவிட்டோம். அந்தத் திமிரில் 1.8 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கினோம். அலையின் நீளம் 160 மீட்டர். அதில் கால் பங்கு வைத்தாலும் கம்பி 40 மீட்டர் வேண்டும். தொட்டி 14 மீட்டர் உயரம். அதனால் கீழேயிருந்து தொட்டி வரை நேராக ஏற்றி, மீதி 26 மீட்டரைப் படுக்கை வசமாக இழுத்து வேப்பமரத்தில் கட்டினோம். மூன்று ராத்திரி கத்திப் பார்த்தோம். பதில் சொல்ல நாதியில்லை. ரிக்கைக் கழற்றினோம், காயிலைத் திரும்பச் சுற்றினோம், ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டோம். நாலாம் நாள் ஹாஸ்டல் எலக்ட்ரீஷியன் அண்ணன் மேலே வந்து பார்த்துவிட்டு, எர்த் எங்கேப்பா என்று மட்டும் கேட்டார். தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தோம். அந்தக் குழாய் பாதி வழியில் பிளாஸ்டிக்காக மாறுவதை எங்களில் ஒருத்தரும் பார்க்கவில்லை! பிறகு புல்தரைக்கு அடியில் ஆளுக்கு நாலாகப் பதினாறு ஒயர்களைச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி புதைத்தோம். அன்று ராத்திரி பெங்களூரிலிருந்து ஒரு பெரியவர் பதில் சொன்னார்.

இதே பாடத்தை 1895ல் ஒரு இருபத்தோரு வயசுப் பையன், சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் தானாகவே கண்டுபிடித்தான். அந்தப் பையன் குலியெல்மோ மார்க்கோனி.

பிறந்தது 1874 ஏப்ரல் 25, இத்தாலியில் பொலோனியா நகரத்தில். அப்பா ஜியுசெப்பே நில புலன் உள்ளவர், கொஞ்சம் கறார் பேர்வழி. அம்மா ஆனி ஜேம்ஸன் அயர்லாந்துக்காரி; ஜேம்ஸன் விஸ்கி குடும்பத்துப் பெண். மார்க்கோனி எந்தப் பல்கலைக்கழகத்திலும் சேர்ந்து பட்டம் வாங்கியதில்லை. நம் ஜூனியர்கள் இதைப் படித்துவிட்டு அரியர் பேப்பருக்குச் சமாதானம் தேட வேண்டாம். பட்டம் இல்லையே தவிர, படிப்பு இருந்தது. பொலோனியா பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் அகுஸ்தோ ரீகி குடும்பத்துக்குத் தெரிந்தவர். அவரிடம் போய் வந்துகொண்டிருந்தான். மின்காந்த அலைகளை முதலில் உண்டாக்கிக் காட்டிய ஹெர்ட்ஸ் 1894ல் இறந்தபோது வந்த கட்டுரைகளைப் படித்ததும் பையனுக்குப் பொறி தட்டியது: இந்த அலையை வைத்துத் தந்தி அனுப்பினால் என்ன?

பொன்டெக்கியோ என்ற ஊரில் அவர்கள் வீடு, வில்லா கிரிஃபோனே. அதன் மாடியில் ஒரு காலத்தில் பட்டுப்புழு வளர்த்த அறைதான் ஆய்வுக்கூடம். ஒரு ராத்திரி அம்மாவை எழுப்பி மேலே கூட்டிப்போய், அறையின் ஒரு மூலையில் ஸ்பார்க் தட்ட மறு மூலையில் மணி அடிப்பதைக் காட்டினான். அதுவரை அவன் செய்ததில் புதுசு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஹெர்ட்ஸின் ஸ்பார்க், ரீகி திருத்தியமைத்த கருவி, பிரான்ஸில் பிரான்லி கண்டுபிடித்த கொஹீரர் எல்லாம் மற்றவர்கள் செய்ததுதான். கொஹீரர் என்பது இரும்புத் தூளோ நிக்கல் தூளோ அடைத்த சின்னக் கண்ணாடிக் குழாய். அலை பட்டால் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விடும், தட்டினால் பிரிந்துவிடும்.

புதுசு வெளியே தோட்டத்தில்தான் நடந்தது. ஸ்பார்க் இடைவெளியின் இரண்டு பக்கமும் இருந்த உலோகத் தகடுகளில் ஒன்றைக் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றினான். இன்னொன்றை மண்ணில் புதைத்தான். ரிசீவருக்கும் அப்படியே. சில நூறு மீட்டரிலேயே நின்றுகொண்டிருந்த சிக்னல் திடீரென்று கிலோமீட்டர் கணக்கில் போனது. குன்றுக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ரிசீவரை வைத்துக்கொண்டு அண்ணன் அல்ஃபோன்ஸோ நின்றார். சிக்னல் வந்ததும் துப்பாக்கியால் வானத்தில் சுட வேண்டும் என்பது ஏற்பாடு. வெடிச் சத்தம் கேட்டது. தூரம் சுமார் இரண்டு கிலோமீட்டர்.

ஏன் போனது என்று அன்று அவருக்குச் சரியாகத் தெரியாது. இன்று நாம் சொல்லலாம். ஹெர்ட்ஸ் செய்தது குட்டி அலைகள், சில மீட்டர் நீளம். மார்க்கோனி கம்பியை உயர்த்தி மண்ணில் இணைத்தவுடன் கம்பியே அலையின் நீளத்தைத் தீர்மானித்தது. அலை பல மடங்கு நீண்டுவிட்டது. நீண்ட அலை மண்ணைத் தழுவிக்கொண்டு மேடு பள்ளம் தாண்டிப் போகும். அவர் அளந்து பார்த்துப் பிடித்த விதி ஒன்று உண்டு: இரண்டு முனையிலும் கம்பியின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் தூரம் நான்கு மடங்கு. தியரி இல்லாமல், நடந்து நடந்து கண்ட விதி. அலையோடு ஒப்பிடக் கம்பி மிகக் குட்டையாக இருக்கும்போது அனுப்பும் திறனும் உயரத்தோடு கூடும், வாங்கும் திறனும் உயரத்தோடு கூடும். இரண்டையும் பெருக்கினால் நாலு. கணக்கு சரியாகத்தான் வருகிறது.

1896 பிப்ரவரியில் அம்மாவும் பிள்ளையும் லண்டனுக்குப் போனார்கள். ஜூன் 2ல் பேட்டன்ட் விண்ணப்பம். அதன் எண் 12039. தபால் துறைத் தலைமைப் பொறியாளர் வில்லியம் பிரீஸ் இந்தப் பையனைக் கைதூக்கிவிட்டார். 1897 மே மாதம் பிரிஸ்டல் கால்வாயில் ஃப்ளாட் ஹோம் தீவிலிருந்து லாவர்னாக் முனைக்கு முதல் கடல் சோதனை. அது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். முதல் இரண்டு நாள் ஒன்றும் சரியாக வரவில்லை. அரசாங்க அதிகாரிகள், ஜெர்மனியிலிருந்து வந்த பேராசிரியர் ஸ்லாபி எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நம் பிராஜக்ட் வைவா மாதிரி. மூன்றாம் நாள் ரிசீவரைப் பாறை உச்சியிலிருந்து கீழே கடற்கரைக்குக் கொண்டுபோய், கம்பத்துக்கும் ரிசீவருக்கும் நடுவே சுமார் இருபது மீட்டர் ஒயரைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். சிக்னல் தெளிவாக வந்து விழுந்தது! ஸ்லாபி ஊருக்குப் போய் ஜெர்மனியின் வயர்லெஸ்ஸையே ஆரம்பித்துவிட்டார்.

அதற்கப்புறம் மார்க்கோனிக்கு ஒரே மந்திரம்தான். இன்னும் உயரம், இன்னும் கம்பி. 1897ல் கம்பெனி ஆரம்பித்தார். 1899 மார்ச்சில் இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டினார், ஐம்பது கிலோமீட்டர். 1900ல் டியூனிங்குக்கு 7777 என்ற ஃபேன்ஸி எண்ணில் பேட்டன்ட். உடனே அட்லாண்டிக்மேல் கை வைத்தார். கணித மேதைகள் சிரித்தார்கள். அலை நேர்கோட்டில் போகும், பூமி உருண்டை, நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்துக்குக் கடல் மலை மாதிரி நிற்கிறது, எப்படித் தாண்டும்? நியாயமான கேள்விதான். மார்க்கோனியிடம் பதில் இல்லை. குன்றைத் தாண்டிய அலை இதையும் தாண்டும் என்ற அனுபவம் மட்டும் இருந்தது.

கார்ன்வாலில் போல்டூ என்ற கடலோரப் பாறைமேல் நிலையம். பேராசிரியர் ஃப்ளெமிங் (பிற்பாடு வால்வு கண்டுபிடித்த அதே ஃப்ளெமிங்) 25 கிலோவாட் ஆல்டர்னேட்டர் வைத்து ஸ்பார்க் டிரான்ஸ்மிட்டர் வடிவமைத்தார். வட்டமாக இருபது கம்பங்கள், ஒவ்வொன்றும் 200 அடி. 1901 செப்டம்பர் 17ல் ஒரு புயல் வந்து இருபதையும் சாய்த்தது. இரண்டு மாதம் கழித்து அமெரிக்காவில் கேப் காடில் இதே மாதிரி கட்டியதும் விழுந்தது. இன்னொருத்தராக இருந்தால் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று விட்டிருப்பார். இவர் 150 அடிக் கம்பங்கள் இரண்டை நட்டு, நடுவே கயிறு கட்டி, அதிலிருந்து சுமார் ஐம்பது செம்புக் கம்பிகளை விசிறி மாதிரி தொங்கவிட்டார். வாங்கும் பக்கம் கம்பமே வேண்டாம், பட்டம் விடலாம் என்று முடிவு செய்தார்.

நவம்பர் 26ல் கெம்ப், பேஜட் என்ற இரண்டு உதவியாளர்களோடு கப்பலேறி, டிசம்பர் 6ல் நியூஃபவுண்ட்லாந்தில் செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தில் இறங்கினார். அங்கே சிக்னல் ஹில் என்று ஒரு குன்று. பழைய ஆஸ்பத்திரிக் கட்டிடம் ஒன்றில் ரிசீவர். வாசலில் மண்ணுக்கடியில் எர்த்துக்குத் துத்தநாகத் தகடுகள். 11ம் தேதி விட்ட பலூன் கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. 12ம் தேதி முதல் பட்டமும் போனது. இரண்டாவது பட்டம் 500 அடிக் கம்பியோடு மேலே நின்றது, ஆனால் காற்றில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. கம்பி ஆடினால் அதன் கெபாசிட்டன்ஸ் மாறும், டியூனிங் நிற்காது. அதனால் 7777 பேட்டன்டின் டியூன் செய்த ரிசீவரையே ஒதுக்கிவிட்டு, டியூனிங் இல்லாத எளிய சர்க்யூட்டில் பாதரசக் கொஹீரரையும் டெலிபோன் இயர்பீஸையும் மாட்டிக்கொண்டார். போல்டூவிலிருந்து தினமும் குறித்த நேரத்தில் மோர்ஸ் எழுத்து எஸ், அதாவது மூன்று புள்ளி, திரும்பத் திரும்ப அனுப்பச் சொல்லியிருந்தார். உள்ளூர் நேரம் பகல் பன்னிரண்டரை. கேட்டது என்றார். இயர்பீஸைக் கெம்ப்பிடம் கொடுத்தார். அவரும் கேட்டது என்றார்.

அவ்வளவுதான் சாட்சி. காகித டேப் இல்லை, மூன்றாவது மனிதர் இல்லை. எந்த எழுத்து வரும் என்று முன்பே தெரிந்த இரண்டு பேர், காற்றும் குளிரும் இரைச்சலுமாக இருந்த இடத்தில், 3,400 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த மூன்று க்ளிக்கைக் கேட்டதாகச் சொன்னார்கள். இந்தக் காலத்து ஜூனியர்கள் பாஷையில் சொன்னால், கம்பி கட்டுகிற கதை.

உண்மையில் கேட்டதா? பொறியாளர்கள் இதை இன்றும் விவாதிக்கிறார்கள். பின்னாளில் சொல்லப்பட்ட அலைநீளம் 366 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 820 கிலோஹெர்ட்ஸ். நம் மீடியம் வேவ். பகலில் மீடியம் வேவ் ஸ்டேஷன் எத்தனை தூரம் எடுக்கும் என்று நமக்கே தெரியும். சூரிய வெளிச்சத்தில் அயனி மண்டலத்தின் அடி அடுக்கு அந்த அலையைக் குடித்துவிடும். அட்லாண்டிக் முழுக்கப் பகலாக இருந்த நேரம் அது. ராட்க்ளிஃப் போன்றவர்கள் 1970களில் கணக்குப் போட்டுச் சந்தேகப்பட்டார்கள். இன்னொரு பக்கம், ஸ்பார்க் டிரான்ஸ்மிட்டர் ஒரே அலையில் நிற்காது, ஷார்ட் வேவ் வரை சிதறும். டியூன் இல்லாத ரிசீவர் அதையும் பிடித்திருக்கலாம். சூரியப் புள்ளிகள் மிகக் குறைந்திருந்த குளிர்காலமும்கூட. என்னைக் கேட்டால்? பதினாறு ஒயர் புதைத்த ராத்திரிக்கு முன்னால் எத்தனையோ தடவை இரைச்சலுக்குள் எங்கள் கால்சைன் கேட்டதாக நான் சத்தியம் செய்திருக்கிறேன். அதனால் எனக்குப் பாதி நம்பிக்கைதான்.

ஆனால் மார்க்கோனியைப் பற்றி எனக்கு மரியாதை வந்தது அதற்கு அடுத்த காரியத்தில். அந்தச் சந்தேகம் அவரையும் குத்தியிருக்க வேண்டும். இரண்டே மாதத்தில், 1902 பிப்ரவரியில், ஃபிலடெல்பியா என்ற கப்பலில் ஏறினார். இந்தத் தடவை இயர்பீஸை மட்டும் நம்பவில்லை. மோர்ஸ் டேப்பில் தானாகப் பதியும் டியூன் செய்த ரிசீவர். வந்த செய்திகள் 2,500 கிலோமீட்டர் வரை டேப்பில் விழுந்தன. எஸ் எழுத்து 3,300 கிலோமீட்டர் தாண்டியும் பதிந்தது. கப்பல் கேப்டனிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். பயணத்தில் இன்னொன்றும் கண்டார்: இதெல்லாம் ராத்திரியில்தான், பகலில் 1,100 கிலோமீட்டரோடு நின்றுவிடுகிறது. தன்னுடைய சிக்னல் ஹில் கதையையே ஆட்டம் காணச் செய்யும் இந்த உண்மையை அவர் மறைக்கவில்லை, தானே எழுதி வெளியிட்டார். அதே வருஷம் கென்னலியும் ஹெவிசைடும் வானத்தில் மின்சாரம் கடத்தும் ஒரு அடுக்கு இருக்க வேண்டும் என்று தனித்தனியாகச் சொன்னார்கள். அது இருப்பதை ஆப்பிள்டன் நிரூபித்தது 1924ல்.

அந்தப் பாதரசக் கொஹீரரைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தாலியக் கடற்படை நண்பர் சொலாரி கொடுத்தது என்று மார்க்கோனி சொன்னார். ஆனால் இரும்பும் பாதரசமும் வைத்த அதே வகைக் கருவியை நம்ம ஜகதீஷ் சந்திர போஸ் 1899லேயே லண்டன் ராயல் சொசைட்டியில் வெளியிட்டிருந்தார். இதை 1998ல் ஐ.ட்ரிபிள்.ஈ. ஆய்விதழில் வந்த ஒரு நீண்ட கட்டுரை ஆதாரத்தோடு எடுத்துக் காட்டியது. போஸ் பேட்டன்ட் எடுப்பதில் ஆர்வம் காட்டாதவர். மார்க்கோனி கம்பெனி முதலாளி. யார் பெயர் நின்றது என்று சொல்ல வேண்டியதில்லை.

பகலில் போகாத அலையைப் போக வைக்க என்ன வழி? அலையை இன்னும் நீட்டு. ஆயிரம், இரண்டாயிரம், ஆறாயிரம் மீட்டர் என்று போனார். நீட்டிய அலைக்குக் கம்பியை எவ்வளவு உயர்த்தினாலும் போதாது, படுக்க வைத்தார். 1905ல் அவர் பேட்டன்ட் எடுத்த ஏரியல், கொஞ்ச தூரம் மேலே போய் மிச்சத்தைப் படுக்கையாக நீட்டுகிற வகை. படுக்கைக் கம்பி எந்தப் பக்கம் நீள்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் சிக்னல் பலமாகப் போகும் என்று கண்டார். தொட்டியிலிருந்து வேப்பமரத்துக்கு நாங்கள் கட்டியதும் அதே குடும்பம்தான்! 1907 அக்டோபர் 17ல் அயர்லாந்தின் கிளிஃப்டனிலிருந்து கனடாவின் கிளேஸ் பேக்கு வழக்கமான தந்தி சேவை தொடங்கியது. 1909ல் பிரௌனோடு சேர்ந்து நோபல் பரிசு. 1912ல் டைட்டானிக் மூழ்கியபோது எழுநூறு பேர் பிழைத்ததற்குக் காரணம் அவருடைய கம்பெனி ஆபரேட்டர்கள் தட்டிய மோர்ஸ். அதே வருஷம் கார் விபத்தில் வலது கண் போனது.

இப்போ ஜூனியர்களுக்கு ஒரு கணக்கு. 2007ல் நடந்த உலக ரேடியோ மாநாடு அமெச்சூர்களுக்கென்று 136 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன பேண்டை ஒதுக்கியது. அலைநீளம் சுமார் 2,190 மீட்டர். கால் அலைக் கம்பி 547 மீட்டர் உயரம் வேண்டும். நம் மெயின் பில்டிங்கை முப்பது தடவை அடுக்கினால்தான் வரும். வெளிநாடுகளில் இதில் இறங்கியவர்கள் கட்டுவது பதினைந்து மீட்டர் உயரம், தலையில் படுக்கைக் கம்பிகள். அந்த ஏரியலின் கதிர்வீச்சுத் தடை 0.07 ஓம். லோடிங் காயிலும் மண்ணும் சேர்ந்து தின்பது 60 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு வாட் ஊட்டினால் வெளியே போவது ஒரு வாட்டில் எட்டில் ஒரு பங்கு. மிச்சம் மண்ணைச் சூடாக்கப் போகிறது. மார்க்கோனி இதே நோய்க்குக் கிலோவாட்டைக் கொட்டினார், மண்ணுக்கடியில் டன் கணக்கில் உலோகத்தைப் புதைத்தார். அமெச்சூருக்கு அந்த வசதி இல்லை. உயரத்தை ஒரு மீட்டர் கூட்டுவதும், இன்னும் நாலு எர்த் ஒயர் புதைப்பதும்தான் வழி.

அமெச்சூர்கள் மார்க்கோனியை ஒரு தடவை தோற்கடித்தார்கள். 1912ல் அமெரிக்கச் சட்டம் அவர்களை உபயோகமில்லாதது என்று நினைத்த 200 மீட்டருக்குக் கீழே தள்ளியது. 1921 டிசம்பரில், சிக்னல் ஹில் நடந்து சரியாக இருபது வருஷம் கழித்து, பால் காட்லி என்ற அமெரிக்க அமெச்சூர் ஸ்காட்லாந்தில் ஆர்ட்ராஸன் கடற்கரையில் கூடாரம் போட்டார். சுமார் 1,300 அடி ஒயரைத் தரையிலிருந்து சுமார் பன்னிரண்டு அடி உயரத்தில் கம்பங்கள்மேல் நீட்டி, அமெரிக்க அமெச்சூர்களின் சிக்னல்களை வரிசையாகப் பிடித்தார். பெவரேஜ் என்பவர் வடிவமைத்த ஏரியல் அது. உயரமே இல்லை, நீளம்தான். கோடிக்கணக்கில் செலவழித்த நிலையங்கள் செய்ததை வீட்டுக் கொல்லையிலிருந்து செய்துவிட்டார்கள். 1922ல் நியூயார்க்கில் பொறியாளர்கள் கூடிய சபையில் மார்க்கோனி பேசியபோது, நீண்ட அலையையே கட்டிக்கொண்டு குறுகிய அலையைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று ஒத்துக்கொண்டார். இருபது வருஷம் காசையும் பெயரையும் கொட்டிய வழியில் குறை உண்டு என்று உலகத்துக்கு முன்னால் சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு வரும்?

சொன்னதோடு நிற்கவில்லை. எலெட்ரா என்ற தன் கப்பலையே ஆய்வுக்கூடமாக்கி, 1923ல் போல்டூவிலிருந்து 97 மீட்டர் அலையில் கேப் வெர்டே தீவுகள் வரை சோதித்தார். உதவிக்கு ஃப்ராங்க்ளின் என்ற கெட்டிக்காரப் பொறியாளர். அடுத்த வருஷம் பிரிட்டிஷ் அரசாங்கம் நீள அலைத் திட்டத்தைக் குறைத்துக்கொண்டு ஷார்ட் வேவ் பீம் நிலையங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 1927 செப்டம்பரில் இங்கிலாந்துக்கும் புனே பக்கத்து நிலையங்களுக்கும் பீம் சேவை தொடங்கியது.

அவருடைய கடைசிக் காலம் எனக்குப் பிடிக்காத பகுதி. 1923ல் ஃபாசிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1930ல் முசோலினி அவரை இத்தாலிய ராயல் அகாடமியின் தலைவராக்கினார். அந்தக் காலத்தில் யூத அறிஞர்கள் அகாடமிக்குள் வராமல் பெயர்ப் பட்டியலில் அவர் குறி போட்டு வைத்தது பிற்பாடு ஆவணங்களில் வெளிவந்தது. அலைக்கு எல்லை கிடையாது என்று வாழ்நாளெல்லாம் காட்டியவர் செய்த காரியம் இது. மலர் என்பதற்காக விட்டுவிட்டு எழுத மனசு வரவில்லை.

1937 ஜூலை 20ல் ரோமில் மாரடைப்பால் இறந்தார், அறுபத்து மூன்று வயது. உலகெங்கும் வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் மௌனமாயின. உடல் பொன்டெக்கியோவில், மணி அடித்துக் காட்டிய அதே வீட்டின் கீழே இருக்கிறது. போல்டூவில் கம்பங்கள் இல்லை. அந்தப் பாறைமேல் உள்ளூர் அமெச்சூர் கிளப் ஒன்று கம்பி கட்டிக்கொண்டு இருக்கிறது. அந்தப் பக்கம் சிக்னல் ஹில்லிலும் ஒரு அமெச்சூர் நிலையம் உண்டு.

ரீயூனியனுக்கு முன்னோட்டமாகப் போன மாதம் ஹாஸ்டலுக்குப் போய்ப் பார்த்தேன். வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள். கொக்கி இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் லைசென்ஸும் ரிக்கும் நாற்பது மீட்டர் ஒயரும் நான் கொண்டுவருகிறேன். மறுமுனையைக் கட்ட ஒரு கம்பமும், புல்தரையைத் தோண்ட வார்டன் அனுமதியும் ஜூனியர்கள் பொறுப்பு.